புது ஆர்.வி. வாங்கியாச்சு, டீலர் இன்னும் வண்டியைத் தரவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் டிரெய்லர் வாங்கியபோது "பத்து நாளில் எடுத்துட்டுப் போகலாம்" என்றார்கள். ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரத்தில் பட்டுத் தெரிந்துகொண்டதும், அதற்குப் பிறகு ஆர்.வி. வாங்கிய நண்பர்கள் போன் போட்டுத் திரும்பத் திரும்பக் கேட்டதும் சேர்ந்துதான் இந்தப் பக்கம். அமெரிக்காவில் வாங்குகிறவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். ஆர்.வி. என்பது பயணத்தில் உள்ளேயே தங்கி, சமைத்து, தூங்குகிற சக்கர வீடு. டிரெய்லர் என்றால் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போவது, மோட்டர்ஹோம் என்றால் எஞ்சினோடு தானே ஓடுவது. ஆர்.வி. என்று பொதுவாகச் சொன்னால் இரண்டும்தான்.

கார் வாங்கினால் அன்றைக்கே சாவியைத் தருகிறார்கள். ஆர்.வி.க்கு மட்டும் ஏன் இத்தனை நாள்?

தொழிற்சாலையிலிருந்து வருவது முழு வண்டி இல்லை, அதனால்தான். பெரும்பாலான டிரெய்லர்கள் பேட்டரி இல்லாமலே டீலரிடம் வந்து சேரும். கேஸ் சிலிண்டர் இருக்கும், உள்ளே கேஸ் இருக்காது. குளிர்காலத்தில் வந்திருந்தால் குழாய்களில் தண்ணீருக்குப் பதிலாக இளஞ்சிவப்பு நிறத்தில் உறைதடுப்பு திரவம் ஓடிக்கொண்டிருக்கும். இதையெல்லாம் சரிசெய்து, ஒவ்வொன்றும் வேலை செய்கிறதா என்று முதல்முறையாக ஒருவர் போட்டுப் பார்ப்பது டீலரிடத்தில்தான்.

இன்னொன்று, கார் மாதிரி இதை ரோபோக்கள் செய்வதில்லை. அமெரிக்க ஆர்.வி.களில் பெரும்பகுதி இண்டியானா மாநிலத்தில் எல்க்கார்ட் என்ற ஊரைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளில்தான் தயாராகிறது, அங்கே பெரும்பாலும் கைவேலைதான். ஃபிரிட்ஜ் ஒரு கம்பெனி, ஹீட்டர் ஒரு கம்பெனி, ஏ.சி. இன்னொன்று, எல்லாவற்றையும் ஒரு கூட்டுக்குள் வைத்துத் திருகி முடித்ததும் அது நூற்றுக்கணக்கான மைல் ரோட்டில் குலுங்கிக்கொண்டு டீலரிடம் வருகிறது. டிரெய்லர் என்றால் ஒரு பிக்கப் டிரக் இழுத்து வரும், மோட்டர்ஹோம் என்றால் ஒரு டிரைவர் ஓட்டியே வருவார் (புது மோட்டர்ஹோமின் மீட்டரில் ஆயிரம் மைல் காட்டினால் பதற வேண்டாம், காரணம் இதுதான்). வீட்டைக் கட்டிப்பார் என்பார்கள். இது வீட்டைக் கட்டி, சக்கரமும் வைத்து, ஓடவும் விட்டுப் பார்க்கிற கதை. வழியில் நாலு திருகு கழன்றிருக்காவிட்டால்தான் ஆச்சரியம்.

"பி.டி.ஐ. நடக்குது" என்கிறார்கள். அதில் என்னதான் செய்வார்கள்?

பி.டி.ஐ. என்பது டெலிவரிக்கு முன் டீலர் செய்யும் சோதனை. செய்ய வேண்டியது இது: பேட்டரி பொருத்துவது, அதை சார்ஜ் ஏற்றுவது. புது சிலிண்டரில் உள்ள காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றிவிட்டு கேஸ் நிரப்புவது (சிலிண்டரில் 80 சதவீதம்தான் நிரப்புவார்கள், மீதி இடம் கேஸ் விரிவடைய), பிறகு கேஸ் லைனில் கசிவு இருக்கிறதா என்று மேனோமீட்டர் வைத்து அழுத்தம் பார்ப்பது. அடுப்பு, ஹீட்டருக்கெல்லாம் போகிற கேஸின் அழுத்தம் மிகக் குறைவு, 11 அங்குல உயரத் தண்ணீரின் அழுத்தம்தான், அதில் சின்ன வித்தியாசம் இருந்தாலும் ஃபிரிட்ஜும் ஹீட்டரும் மக்கர் பண்ணும்.

பிறகு தண்ணீர். தொட்டியை நிரப்பி பம்ப்பைப் போட்டு எல்லா இணைப்புகளையும் பார்ப்பது, உறைதடுப்பு திரவத்தைக் கழுவி விடுவது. ஏ.சி., ஹீட்டர், அடுப்பு, மைக்ரோவேவ் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்ப்பது. பக்கவாட்டில் வெளியே தள்ளுகிற ஸ்லைடு அறைகளையும் வெயிலுக்கு விரிக்கும் ஆனிங்கையும் நாலு தடவை வெளியே விட்டு உள்ளே இழுப்பது. கூரையில் ஏறி, இடுக்குகளை அடைக்கும் சீலன்ட் எங்காவது விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பது. டயர் காற்று, சக்கர நட்டுகளின் இறுக்கம், பிரேக், விளக்குகள். சில டீலர்கள் உள்ளே காற்றை ஊதி அழுத்தம் ஏற்றி, வெளியே சோப்புத் தண்ணீர் தெளித்து எங்கே குமிழி வருகிறது என்று கூரைக் கசிவைக் கண்டுபிடிக்கிறார்கள். உங்கள் டீலரிடம் அந்த வசதி இருந்தால் கேட்டு வாங்கிச் செய்துகொள்ளுங்கள்.

இவ்வளவையும் எல்லா டீலரும் செய்கிறார்களா என்றால், இல்லை. சில இடங்களில் பி.டி.ஐ. என்பது வண்டியைக் கழுவி, பேட்டரி மாட்டி, லைட் எரிகிறதா என்று பார்ப்பதோடு சரி. எது நடந்தது என்று தெரிய ஒரே வழி, டெக்னீஷியன் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்ட அந்தப் பட்டியலின் நகலைக் கேட்பது. கொடுக்கத் தயங்கினால் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

எத்தனை நாள் ஆனால் நியாயம்?

வேலை என்று பார்த்தால் எந்தக் குறையும் இல்லாத ஒரு டிரெய்லருக்கு ஒரு நாள் போதும், பெரிய மோட்டர்ஹோமுக்கு இரண்டு மூன்று நாள். மிச்சமெல்லாம் வரிசையில் நிற்கிற நேரம். ஒன்று இரண்டு வாரம் என்றால் சாதாரணம். வசந்த காலத்தில், எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புகிற சமயத்தில், மூன்று வாரம் ஆனாலும் ஆச்சரியப்பட மாட்டேன், ஏனென்றால் பழைய வாடிக்கையாளர்கள் குளிர்காலம் முழுக்க மூடி வைத்திருந்த வண்டிகளோடு அதே நேரத்தில் அதே சர்வீஸ் கொட்டகைக்கு வந்து நிற்பார்கள். அதற்கு மேல் போனால் காரணம் ஒன்று இருக்க வேண்டும், அந்தக் காரணத்தை அவர்கள் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும்.

"ஒரு பார்ட் வரணும்" என்கிறார்கள். நம்பலாமா?

நம்பலாம், ஆனால் மூன்று விஷயம் கேட்டுவிட்டு நம்புங்கள். எந்த பாகம், என்றைக்கு ஆர்டர் போட்டது, யாரிடம் போட்டது. ஆர்.வி. தயாரித்த கம்பெனியிடமா, அல்லது அந்த ஃபிரிட்ஜையோ ஹீட்டரையோ செய்த கம்பெனியிடமா என்பது முக்கியம். இரண்டும் தனித்தனி வாரன்டி, தனித்தனி அனுமதி, தனித்தனி தாமதம். டீலர் போட்டோ எடுத்து அனுப்பி, அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகுதான் பாகமே கிளம்பும்.

எங்கள் கதையில் ஃபிரிட்ஜின் கன்ட்ரோல் போர்டு போயிருந்தது. மூன்று வாரமாக "வந்துக்கிட்டே இருக்கு" என்றார் விற்பனையாளர். நாலாவது வாரம் நேரில் போய் சர்வீஸ் கவுன்டரில் இருந்த பெண்மணியிடம் ஆர்டர் எண் கேட்டேன். கம்ப்யூட்டரில் தேடினார், முகம் மாறியது, "சார், இதை யாரும் ஆர்டரே போடலை" என்றார். அன்றைக்கே போட்டார், ஆறு நாளில் வந்துவிட்டது. அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை, அந்தக் கட்டடத்தில் எனக்கு உண்மையைச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

ரீகால் இருக்கிறது, அதனால் தர முடியாது என்கிறார்கள். சாக்கு போலத் தெரிகிறதே?

இது சாக்கு இல்லை. ரீகால் என்றால், ஒரு குறை இருப்பது தெரிந்து அந்த வகை வண்டிகளைத் தயாரித்த கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்து கொடுப்பது. பாதுகாப்பு ரீகால் நிலுவையில் இருக்கும் புது வண்டியை, அதைச் சரிசெய்யாமல் டீலர் டெலிவரி கொடுக்கக் கூடாது என்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம். 17 எழுத்து வி.ஐ.என். எண்ணை வாங்கி, தேசிய நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனமான நிட்ஸாவின் தளத்தில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். மோட்டர்ஹோம் என்றால் எஞ்சினும் சக்கரமும் சேர்ந்த அடிச்சட்டமான சேஸிஸ் ஃபோர்டு, ஃபிரைட்லைனர் மாதிரி வேறு கம்பெனி செய்ததாக இருக்கும், அதற்குத் தனியாக ரீகால் வரலாம். அந்த சேஸிஸ் வேலையை ஆர்.வி. டீலர் செய்ய முடியாமல் டிரக் டீலரிடம் அனுப்ப வேண்டி வந்தால் இன்னும் சில நாள் போகும். இந்த ஒரு காரணத்துக்கு மட்டும் சண்டை போடாதீர்கள்.

"இப்போ கையெழுத்துப் போட்டுடுங்க, ரெடியானதும் எடுத்துக்கலாம்" என்கிறாரே?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படித்துவிட்டுப் போவதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

முன்பணம் கட்டி வண்டியை நிறுத்தி வைப்பது வேறு, கடைசி ஒப்பந்தத்திலும் கடன் பத்திரத்திலும் கையெழுத்துப் போடுவது வேறு. இரண்டாவதைச் செய்த அன்றைக்கே பல கடிகாரங்கள் ஓடத் தொடங்கிவிடும். கடனுக்கு வட்டி ஏறும். 40,000 டாலர் கடன், 8 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், வண்டி டீலரின் வாசலில் சும்மா நிற்கிற ஒரு மாதத்துக்கு நீங்கள் கட்டுகிற வட்டி சுமார் 267 டாலர். இன்ஷூரன்ஸ் ஓடும். தற்காலிக நம்பர் தாளின் கெடு ஓடும் (எத்தனை நாள் என்பது மாநிலத்தைப் பொறுத்தது). எல்லாவற்றுக்கும் மேல், வாரன்டி ஓடலாம். பெரும்பாலான ஆர்.வி.களுக்குக் கம்பெனி வாரன்டி ஒரே ஒரு வருடம்தான், அதுவும் டீலர் எந்தத் தேதியை விற்பனைத் தேதி என்று பதிவு செய்கிறாரோ அன்றிலிருந்து. இலையுதிர் காலத்தில் வாங்கி, டீலரிடம் ஒரு மாதம் நின்று, குளிர்காலம் முழுக்க மூடிக் கிடந்தால், நீங்கள் முதல் தடவை உள்ளே படுத்துத் தூங்குவதற்குள் பாதி வாரன்டி போயிருக்கும்.

ஆனால் நான் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் பணம்கூட இல்லை. கையெழுத்துக்கு முன்னால் நீங்கள் அவர்களுக்கு இன்னும் முடியாத ஒரு விற்பனை, மாதக் கணக்கு முடிவதற்குள் முடிக்க வேண்டிய விற்பனை. அதற்குப் பிறகு நீங்கள் சர்வீஸ் வரிசையில் முப்பத்தி இரண்டாவது ஆள். அதே கட்டடம், அதே ஆட்கள்தான், ஆனால் போனை எடுக்கிற வேகமே மாறிவிடும்.

"வட்டி விகிதம் நாளைக்கு ஏறிடும்", "மாசக் கடைசி ஆஃபர் போயிடும்" என்பார்கள். வட்டி விகிதத்தைச் சில நாட்களுக்குப் பிடித்து வைக்க முடியுமா என்று கடன் கொடுப்பவரிடமே நேராகக் கேளுங்கள். விலையை எழுதி வாங்கி முன்பணத்தோடு நிறுத்தி வையுங்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாத டீலர், கையெழுத்துப் போட்ட பிறகு எப்படி நடந்துகொள்வார் என்று யோசித்துப் பாருங்கள்.

ஐயோ, நான் போட்டுட்டேனே. இப்போது என்ன செய்ய?

பலரும் போட்டுவிட்டுத்தான் கேட்கிறார்கள், நானும் அப்படித்தான். முதலில், பாக்கி இருக்கிற ஒவ்வொரு வேலையையும் எழுதி வாங்குங்கள். டீலர்களே இதற்கு 'வீ ஓ' என்று ஒரு படிவம் வைத்திருப்பார்கள், நாங்கள் உங்களுக்குச் செய்து தர வேண்டியது இவ்வளவு என்று ஒப்புக்கொள்ளும் காகிதம். வாயால் சொன்னது எதுவும் கணக்கில் வராது, சொன்ன விற்பனையாளர் அடுத்த மாதம் வேலையை விட்டே போயிருப்பார்.

அப்புறம் இரண்டு கேள்வியை மின்னஞ்சலில் கேட்டு பதில் வாங்கி வையுங்கள். வாரன்டி தொடக்கத் தேதியாக வண்டி என் கைக்கு வருகிற நாளைப் பதிவு செய்வீர்களா? வண்டி உங்கள் இடத்தில் நிற்கும்போது ஆலங்கட்டி மழை பெய்து கூரை போனால் யார் பொறுப்பு? இரண்டாவதை உங்கள் இன்ஷூரன்ஸ் ஏஜென்டிடமும் கேளுங்கள், ஏனென்றால் இருவரும் அடுத்தவரைக் கை காட்ட வாய்ப்பு அதிகம். தாமதம் அவர்கள் தவறு என்று தெளிவாகத் தெரிந்தால் முதல் தவணையை அவர்கள் ஏற்கச் சொல்லிக் கேட்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்களுக்குப் பணமாகத் தரவில்லை, இழுப்பதற்கான ஹிட்ச்சை இலவசமாகப் பொருத்திக் கொடுத்தார்கள். நான் ஒத்துக்கொண்டேன்.

மூன்று நாளுக்குள் ரத்து செய்யலாம் என்று ஒரு சட்டம் இருக்கிறதாமே?

டீலர் கடைக்கே போய் வாங்கிய வண்டிக்கு அது பொருந்தாது. வீட்டு வாசலில் வந்து விற்பவர்களை மனதில் வைத்துக் கொண்டுவந்த கூட்டாட்சி விதி அது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

லெமன் சட்டம்?

திரும்பத் திரும்பப் பழுதாகிற புது வண்டியை மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ கம்பெனியைக் கட்டாயப்படுத்தும் சட்டம் அது. மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பல மாநிலங்களில் மோட்டர்ஹோமின் ஓடுகிற பகுதிக்கு மட்டும்தான், குடியிருக்கிற பகுதிக்குக் கிடையாது. இழுத்துப் போகிற டிரெய்லரைச் சேர்க்காத மாநிலங்களும் உண்டு. அதை நம்பி, குறையுள்ள வண்டியை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வராதீர்கள்.

தினமும் போன் பண்ணினால் வேலை சீக்கிரம் நடக்குமா?

தினமும் பண்ணினால் போனைப் பார்த்ததுமே ஒளிந்துகொள்வார்கள். வாரத்துக்கு இரண்டு தடவை போதும். ஆனால் "எப்போ ரெடியாகும்?" என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்கு "சீக்கிரம்" என்று ஒரு பதில் தயாராக இருக்கும். "வண்டி இப்போது எங்கே நிற்கிறது, கொட்டகைக்கு உள்ளேயா, வெளியே மைதானத்திலா?" என்று கேளுங்கள். வெளியே நின்றால் யாரும் அதைத் தொடவில்லை என்று அர்த்தம். பிறகு எந்த டெக்னீஷியனுக்கு ஒதுக்கியிருக்கிறது, எந்தத் தேதிக்கு என்று கேளுங்கள். விற்பனையாளரை விட சர்வீஸ் மேனேஜரிடம் பேசுவது நல்லது. பேசி முடித்ததும் "நீங்கள் சொன்னது இது" என்று இரண்டு வரி மின்னஞ்சல். சிரித்த முகத்தோடு, எழுத்தில். முடிந்தால் ஒரு தடவை நேரில் போய் வண்டியைப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் போயிருக்காவிட்டால் அந்த போர்டு இன்னும் வந்திருக்காது.

அதுவரை நான் சும்மா இருக்க வேண்டியதுதானா?

டிரெய்லர் வாங்கியவருக்கு இதுதான் நல்ல நேரம், ஏனென்றால் இழுக்கப் போகிற வண்டியைப் பற்றி விற்பனையாளர் சொன்னது பாதிதான் உண்மை. "உங்க டிரக் தாராளமா இழுக்கும்" என்பார். இழுக்கும். தாங்குமா என்பதுதான் கேள்வி. ஓட்டுநர் கதவைத் திறந்தால் நிலையில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆட்களும் சாமான்களும் சேர்த்து இத்தனை பவுண்டுக்கு மேல் கூடாது என்று. சாதாரண டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் வழியாக உங்கள் வண்டியின் மேல் உட்காரும். டிரெய்லர் 7,000 பவுண்டு என்றால் 700 முதல் 1,050 பவுண்டு. ஸ்டிக்கர் 1,400 பவுண்டு என்று சொல்கிறது, குடும்பமும் பெட்டிகளும் 600 பவுண்டு என்றால், மிச்சம் 800தான். கணக்கு இடிக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். டிரெய்லரின் கதவுப் பக்கத்திலும் மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று இருக்கும், உள்ளே எவ்வளவு சாமான் ஏற்றலாம் என்று. தண்ணீரும் அதில் சேர்த்தி. ஒரு காலன் தண்ணீர் 8.3 பவுண்டு, 40 காலன் தொட்டி நிரம்பினால் 332 பவுண்டு.

உங்கள் வண்டியில் டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலர் (டிரெய்லரின் பிரேக்கை உங்கள் வண்டியிலிருந்து இயக்கும் கருவி) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டெலிவரிக்கு முன்னாலேயே மாட்டிவிடுங்கள், அன்றைக்குக் காலையில் இதைக் கண்டுபிடித்துவிட்டுத் திரும்பிப் போனவர்களை எனக்குத் தெரியும்.

சாமான் பட்டியலை நீட்ட வேண்டாம். குடிதண்ணீருக்கான ஹோஸ், தண்ணீர் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர், மின்சார சர்ஜ் புரொடெக்டர், கழிவுநீர் ஹோஸ், கையுறை, சக்கரத்துக்கு முட்டுக் கட்டைகள், மட்டம் செய்யும் பலகைகள், வீட்டு பிளக்கில் மாட்ட ஒரு அடாப்டர். இவ்வளவு போதும். மற்றதெல்லாம் இரண்டு பயணம் போய்வந்த பிறகு உங்களுக்கே தெரியும். நாங்கள் காத்திருந்த எரிச்சலில் வாங்கிக் குவித்ததில் பாதி இன்னும் பிரிக்காத அட்டைப்பெட்டியில் இருக்கிறது.

டெலிவரி அன்று எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும், என்ன பார்க்க வேண்டும்?

முழு நாள். அவர்கள் ஒரு மணி நேரம் என்பார்கள், நீங்கள் காலையில் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். சனிக்கிழமை வேண்டாம், கூட்டத்தில் உங்களை விரட்டுவார்கள், கோளாறு கண்டுபிடித்தாலும் சரிசெய்ய ஆள் இருக்காது.

முந்தின நாளே போன் செய்து மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள். மின்சார இணைப்பு கொடுத்து வைக்க வேண்டும், தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் இருக்க வேண்டும், ஃபிரிட்ஜ் இன்று இரவே ஓடத் தொடங்க வேண்டும். கேஸிலும் மின்சாரத்திலும் ஓடுகிற பழைய வகை ஃபிரிட்ஜ் குளிர்வதற்கு ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும், அதுவும் வண்டி மட்டமாக நின்றால். நீங்கள் போகும்போது ஆன் பண்ணினால் அது வேலை செய்கிறதா என்று யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் ஓடும் கம்ப்ரஸர் வகை சீக்கிரம் குளிரும். எதுவாக இருந்தாலும் கையோடு ஒரு தெர்மாமீட்டர் கொண்டுபோங்கள்.

தண்ணீரில் என் முறை இது. முதலில் பம்ப்பைப் போடுங்கள், எல்லாக் குழாயையும் மூடுங்கள். பம்ப் சத்தம் நிற்க வேண்டும். நின்று, சில நிமிடத்தில் தானாக மறுபடி 'டர்' என்று ஒரு நொடி ஓடினால் எங்கோ கசிகிறது. பிறகு பம்ப்பை நிறுத்திவிட்டு வெளியே இருந்து ஹோஸில் தண்ணீர் கொடுங்கள், சில கசிவு அந்த அழுத்தத்தில்தான் வெளியே தெரியும். டார்ச் எடுத்துக்கொண்டு சிங்க்குக்குக் கீழே, கழிப்பறைக்குப் பின்னால், பம்ப் இருக்கிற பெட்டிக்குள் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். கண்ணை விடக் கை நம்பகம். வெந்நீர் வரவில்லையா? தொட்டி வைத்த வாட்டர் ஹீட்டர் என்றால், தண்ணீர் அந்தத் தொட்டிக்குள் போகாமல் திருப்பிவிடும் பைபாஸ் வால்வைப் பார்க்கச் சொல்லுங்கள், குளிர்காலத்துக்காகத் திருப்பி வைத்ததை மறுபடி திருப்ப மறந்திருப்பார்கள். அந்தத் தொட்டியில் தண்ணீர் நிறைந்திருக்கிறது என்று உறுதியாகத் தெரியாமல் ஹீட்டரின் மின்சார சுவிட்சை மட்டும் தொட விடாதீர்கள், உள்ளே இருக்கும் சூடேற்றும் கம்பி கண நேரத்தில் கருகிவிடும்.

மின்சாரம்: வெளி இணைப்பைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் மட்டும் விளக்குகள் எரிகின்றனவா, ஸ்லைடு நகர்கிறதா என்று பாருங்கள். வாரக்கணக்கில் மைதானத்தில் நின்ற வண்டியில் பேட்டரி செத்திருப்பது சகஜம். சாதாரண லெட் ஆசிட் பேட்டரி முழு சார்ஜில் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். ஏ.சி.யை அரை மணி நேரம் ஓடவிட்டு, உள்ளே இழுக்கிற காற்றுக்கும் வெளியே விடுகிற காற்றுக்கும் வெப்பநிலை பாருங்கள், 15 முதல் 20 ஃபாரன்ஹீட் டிகிரி வித்தியாசம் இருந்தால் சரி.

கேஸ் டிடெக்டரைக் கழற்றிப் பின்னால் உள்ள தேதியைப் படியுங்கள், அதற்கு ஆயுள் சில வருடம்தான். டயரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண் தயாரான வாரமும் வருடமும், 3524 என்றால் 2024இன் 35வது வாரம். அவசர வழி ஜன்னல்கள் திறக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள், முதல் தடவை பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். கூரையில் நீங்கள் ஏறாவிட்டால் அவர்களை ஏறி வீடியோ எடுத்துத் தரச் சொல்லுங்கள். காகிதத்தில் இருக்கும் வி.ஐ.என். எண்ணும் வண்டியில் இருப்பதும் ஒன்றா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள், அரை நிமிட வேலை.

எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுங்கள். அவர்கள் சொல்லித் தருகிற அறுபது விஷயத்தில் ஆறுகூட அன்றிரவு ஞாபகம் இருக்காது.

எனக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. வேறு யாரையாவது வைத்துப் பார்க்கலாமா?

தாராளமாக. தனியார் ஆர்.வி. இன்ஸ்பெக்டர்கள் இருக்கிறார்கள். என்.ஆர்.வி.ஐ.ஏ. என்று அவர்களுக்கு ஒரு தேசியச் சங்கம் உண்டு, அதில் சான்று பெற்றவரைத் தேடலாம். புது வண்டிக்கு எதற்கு என்று டீலர் சிரிப்பார். வண்டி விலையோடு பார்த்தால் கட்டணம் சின்னது, குறிப்பாக மோட்டர்ஹோமுக்கு. உங்கள் ஆளை உள்ளே விட மாட்டேன் என்று டீலர் சொன்னால் நான் அங்கே வாங்க மாட்டேன், அவ்வளவுதான்.

சின்னச் சின்னக் குறைகள் இருக்கின்றன. "அப்புறம் கொண்டு வாங்க, பார்த்துக்கலாம்" என்கிறார்கள். எடுத்துட்டுப் போகலாமா?

தண்ணீர் உள்ளே வருகிற எதுவும், கேஸ், பிரேக், டயர், ஸ்லைடு, இவற்றில் குறை இருந்தால் எடுக்காதீர்கள். இழுப்பறைத் தாழ்ப்பாள், வால்பேப்பர் பிசிறு, கோணலான திரைச்சீலை என்றால் எழுதி வாங்கிக்கொண்டு எடுத்துப் போங்கள், அதில் பாதியை ஒரு ஸ்குரூ டிரைவரோடு நீங்களே சரிசெய்துவிடுவீர்கள். திரும்பக் கொண்டுபோய் விட்டால் அந்த இழுப்பறைக்காக வண்டி இன்னொரு மாதம் அங்கே நிற்கும், கோடை காலத்தில் அது யாருக்கு வேண்டும்.

வெறுத்துப் போச்சு, முன்பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

ரசீதில் திரும்பத் தரப்படும் என்று இருக்கிறதா, தரப்படாது என்று இருக்கிறதா என்று பாருங்கள், பதில் அங்கே இருக்கிறது. டெலிவரித் தேதி ஒன்றை எழுத்தில் கொடுத்துவிட்டு அவர்கள் தவறியிருந்தால் உங்கள் பக்கம் பலம் கூடும். முன்பணம் கட்டும்போதே "இந்தத் தேதிக்குள் தராவிட்டால் பணம் வாபஸ்" என்று ஒரு வரி கையால் எழுதி இருவரும் சுருக்கொப்பம் போட்டிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. இனி வாங்கப் போகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ஒருவழியாக வண்டி கைக்கு வந்துவிட்டது. முதல் பயணம் எங்கே?

டீலருக்குப் பக்கத்தில். சிலர் டீலரின் மைதானத்திலேயே ஒரு இரவு தங்கக் கேட்டு வாங்குகிறார்கள், பல டீலர்கள் மின்சார இணைப்போடு விடுகிறார்கள். இல்லையென்றால் அரை மணி நேரத் தூரத்தில் ஒரு கேம்ப்கிரவுண்ட், இரண்டு இரவு. எல்லாவற்றையும் பயன்படுத்துங்கள், குளியுங்கள், சமையுங்கள், இரவில் ஹீட்டரைப் போட்டுத் தூங்குங்கள். எங்கள் முதல் இரவில் மூன்று குறை கிடைத்தது, மறுநாள் காலை திரும்பிப் போய் இரண்டைச் சரிசெய்துகொண்டு வந்தோம்.

போகிற வழியில் ஒன்று. புதுச் சக்கரங்களின் நட்டுகள் முதல் 50 மைலுக்குள் தளர்வது உண்டு. எவ்வளவு இறுக்கம் என்று அளந்து காட்டும் ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கி, கையேட்டில் சொன்ன அளவுக்கு முதல் 10, 25, 50 மைலில் நிறுத்தி இறுக்குங்கள். முதல் நிறுத்தத்தில் எனக்கு இரண்டு நட்டு கால் சுற்று போனது.